பட்டு விரிப்புக்கு ஒரு தீக்குச்சி

தம்பி மனைவி வாங்கி வந்த படுக்கை விரிப்பைப் பிரித்ததுமே அக்காவின் மேலுதடு ஒரு பக்கமாக ஏறியது. தொழிற்சாலையில் அந்த உதடு ஏறினால் நாற்பது தையல் மிஷின்கள் ஒரு கணம் மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வீட்டில் மிஷின்கள் இல்லை. தம்பியும் தம்பி மனைவியும்தான் இருந்தார்கள். அவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

"சில்க் டச்," என்று பையின் மேலிருந்த எழுத்தை அக்கா உரக்கப் படித்தாள். "சரிதான். பஸ்ஸுல போறப்ப பட்டு இது மேல லேசா பட்டிருக்கு. அதைத்தான் சொல்றான்."

"இல்ல அண்ணி, எழுபது பெர்சென்ட் தள்ளுபடின்னு போட்டிருந்தான்…"

"தள்ளுபடின்னா என்ன? அவன் வேண்டாம்னு தள்ளினது. நீ போய்ப் பொறுக்கிட்டு வந்திருக்க."

தம்பி மனைவிக்கு ஆஃபர் என்று பெயர் வைத்தது அக்காதான். தள்ளுபடி பலகையைக் கண்டால் அவளுடைய நடை தானாகவே மெதுவாகிவிடும் என்பது காரணம். அக்காவுக்கும் ஒரு பெயர் இருந்தது. சட்டை தைத்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகத் தரம் பார்க்கிறவள் அவள். முகத்துக்கு நேரே எல்லோரும் அக்கா என்பார்கள். முதுகுக்குப் பின்னால் ரிஜக்ட். தைத்து முடித்த சட்டை மேசைக்கு வந்ததும் அவள் விரல் காலர் ஓரமாக ஓடி, தோளில் இறங்கி, கைப்பட்டியைச் சுற்றி, கீழ் மடிப்பில் வந்து நிற்கும். ஒரு தையல் தாண்டியிருந்தால், ஒரு நூல் பிசிறு தொங்கினால், அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் விழும். அந்த ஸ்டிக்கர் சுருளை அவள் கைப்பையிலேயே வைத்திருப்பாள். தம்பிக்குக் கல்யாணமான புதிதில் ஒருநாள் ஆஃபரின் ரவிக்கைத் தோளில் ஒன்றை ஒட்டிவிட்டாள். ஆஃபர் அது தெரியாமலே கடைத்தெரு வரை போய்வந்தாள். வேடிக்கைக்குச் செய்ததுதான் என்பது அக்காவின் கட்சி. ஆஃபருக்கு நான்கு வருஷமாகியும் சிரிப்பு வரவில்லை.

"அக்கா, இன்னிக்கு ஒரு நாள் சண்டையை விடேன்," என்றான் தம்பி, சட்டைப் பித்தானைப் போட்டுக்கொண்டே. "நாலு மணிக்கு அப்பா வந்துடுவார்."

அந்த வார்த்தைக்கு மட்டும் அக்காவின் உதடு இறங்கியது.

அப்பா பேருந்துகளில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். உலகத்தில் எல்லோருமே டிக்கெட் எடுக்காமல் ஏறியவர்கள் என்ற மாதிரிதான் பார்ப்பார். அந்தப் பார்வை அக்காவுக்கு அப்படியே வந்திருந்தது. தம்பிக்குத் துளியும் வரவில்லை. மூன்று வாரங்களுக்கு முன் அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்ததில் இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியின் ரப்பர் மெத்தையில் மல்லாந்து கிடந்ததில் முதுகுத் தோல் வெங்காயச் சருகு போலாகிவிட்டது. திருப்பிப் படுக்கவைக்கும்போதெல்லாம் துணி தோலைப் பிடித்து இழுக்கும். வாழ்நாளில் யார் முன்னாலும் முனகாத மனிதர், பல்லுக்கிடையில் ஒரு காற்றை விடுவார். அந்தக் காற்றின் ஓசை அக்காவுக்குப் பேருந்திலும் சாப்பாட்டு வேளையிலும் கேட்டுக்கொண்டிருந்தது.

நேற்று வார்டு நர்ஸ் அவளைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "இன்னும் தோல் கிழியலை. கிழிஞ்சா இந்த வயசுல ஆற மாசக்கணக்காகும். நிஜப் பட்டு விரிப்பு போடுங்க, அது உரசாது. ஆனா பாத்து வாங்குங்க. பட்டுன்னு சொல்லி பாலியஸ்டரைத் தலையில கட்டுவாங்க. அது சூடேறி வேர்த்து, நீங்களே புண்ணை வரவழைச்ச மாதிரி ஆயிடும்."

அக்கா சிரித்தாள். "என் தலையிலயா?" என்றாள்.

ஆக, மாலை நான்கு மணிக்குள் அப்பாவின் கட்டிலில் நிஜப் பட்டு விரிந்திருக்க வேண்டும். விஷயம் இவ்வளவுதான். தம்பி ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினான். அக்கா கைப்பையை மாட்டிக்கொண்டு ஆஃபரைப் பார்த்தாள்.

"நீயும் வா. எப்படி வாங்கணும்னு பாரு. வாயைத் திறக்காம பாரு."

*

முதல் கடை, நகரும் படிக்கட்டு வைத்த கடை. இரண்டாம் மாடியில் படுக்கை விரிப்புகள் இருந்தன. கழுத்துப்பட்டி கட்டிய விற்பனையாளன் ஒருவன் வெளிர்நீல விரிப்பை அவர்கள் முன் ஏரியைப் போல விரித்தான். விளக்கு வெளிச்சத்தில் அது அலையடித்தது. ஆஃபரின் வாய் தன்னையறியாமல் திறந்தது.

"ஆயிரம் த்ரெட் கவுண்ட் மேடம். ப்யூர் சாட்டின் சில்க்."

"பட்டுக்கு நூல் எண்ணிக்கை சொல்றதில்ல. எடைதான் சொல்லணும். எண்ணறதெல்லாம் பருத்திக்கு," என்றாள் அக்கா. "அப்புறம், சாட்டின்னா என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

"சில்க்ல உயர்ந்த வகை மேடம்."

"நெசவு. துணியை நெய்யற விதத்துக்குப் பேரு சாட்டின். பின்னல் மாதிரின்னு வெச்சுக்குங்க. பின்னியிருக்குங்கறதால அது சொந்த முடின்னு ஆயிடுமா? சவுரியையும்தான் பின்னலாம்."

பக்கத்தில் தலையணை உறை பார்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி களுக்கென்று சிரித்துவிட்டு, ஒரு கையால் தன் கொண்டையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். அக்கா விரிப்பின் ஒரு மூலையை உள்ளங்கையில் அடக்கி, இறுக்கிப் பிடித்து, பத்து எண்ணினாள். கையைத் திறந்ததும் துணி குதித்து விரிந்தது. அதில் ஒரு சுருக்கம் இல்லை.

"பாத்தீங்களா? இவ்வளவு கசக்கியும் ஒரு கோடு விழலை. இத்தனை கல்நெஞ்சு பட்டுக்குக் கிடையாது. பட்டு கொஞ்சமாவது முகம் வாடும்."

விற்பனையாளனின் முகம்தான் வாடியது.

இரண்டாவது கடையில் நிஜமான கட்டில்களையே போட்டு, அவற்றின் மேல் விரித்துக் காட்டியிருந்தார்கள். யாரும் ஒருபோதும் தூங்காத படுக்கையறைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு விளக்கு, ஒரு பொய்யான ஜன்னல். ஜன்னலுக்கு வெளியே வரைந்து வைத்த கடல். இங்கே கடை மேலாளரே வந்தார். வாசனைத் திரவியம் அவருக்கு முன்னால் வந்தது.

"உங்களுக்கு விஷயம் தெரியும்னு பாத்தாலே தெரியுது மேடம். இது இருபத்திரண்டு மம்மி."

பட்டுத் துணியின் எடைக்குச் சொல்லும் அளவு அது. விஷயம் தெரிந்தவர்கள் சொல்வது. அந்த அளவைக் கேட்டு ஒரு நிமிஷம் அக்காவுக்கே மரியாதை வந்துவிட்டது. பிறகு விரிப்பைக் கையில் எடுத்து விளக்குக்கு நேரே சாய்த்தாள். இந்தப் பக்கம் சாய்த்தாள், அந்தப் பக்கம் சாய்த்தாள். எப்படிச் சாய்த்தாலும் ஒரே வெள்ளைப் பளபளப்பு. பட்டு வெளிச்சத்துக்கு வெளிச்சம் நிறம் மாற்றிக்கொள்ளும். இது ட்யூப்லைட்டைப் போல ஒரே சிரிப்பைச் சிரித்தது.

"இருபத்திரண்டு மம்மி இருக்கட்டும் சார். அப்பா யாரு? பாலியஸ்டரா?"

ஆஃபர் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா சங்கடமா என்று அவளுக்கே தெரியவில்லை. மேலாளருக்குச் சங்கடமில்லை, கோபம்.

"வாங்கறதுன்னா வாங்குங்கம்மா. இல்லன்னா நிக்கற கஸ்டமரைக் கெடுக்காதீங்க."

மேடம் அம்மாவாகிவிட்டதை அக்கா கவனித்தாள். அதையும் வெற்றிக் கணக்கில் சேர்த்துக்கொண்டாள்.

"அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். பாத்தாவது புத்தி வரட்டும். நீ நாலு வருஷமா என்னைப் பாக்கற, உனக்கு வந்துச்சா?"

வெளியே வரும்போது வாசல் காவலாளி, யாரும் பார்க்கவில்லை என்று உறுதிசெய்துகொண்டு, வாயின் ஓரத்தால் பேசினார். "நிஜம் வேணும்னா அடுத்த தெருவுக்குப் போங்கம்மா. சாவி போடற கடைக்கு மேல மாடி. ஹோட்டலுக்கெல்லாம் விரிப்பு தைச்சுக் குடுக்கற அம்மா ஒருத்தங்க. ஒண்ணரைக்குப் பூட்டிட்டுப் போயிடுவாங்க."

மணி பன்னிரண்டே முக்கால். தம்பி போன் செய்தான். "பேப்பரெல்லாம் முடிஞ்சுது. வண்டி சொல்லியாச்சு. கிடைச்சுதா?"

"கிடைக்கும். நல்லதா கிடைக்கற வரைக்கும் தேடணும்."

"அப்பா கேக்கறார்."

"என்ன கேக்கறார்?"

"'அவ போயிருக்காளா'ன்னு கேட்டார். போயிருக்கான்னேன். 'அப்ப சரி'ன்னு கண்ணை மூடிக்கிட்டார்."

அக்கா போனைப் பைக்குள் போட்டுவிட்டு, சற்று நேரம் ஆஃபரைத் திட்டாமல் நடந்தாள்.

*

மாடிப்படி இருட்டாக இருந்தது. மேலே சென்றால் ஒரே அறை. சுவரோடு சுவராகத் துணிச் சுருள்கள் நின்றன, இரயிலுக்குக் காத்திருந்து நின்றபடியே தூங்கிவிட்டவர்களைப் போல. நடுவில் ஒரு தையல் மிஷின். அதன் பின்னால் மூக்கு நுனியில் கண்ணாடி வைத்த ஒரு அம்மாள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள். வாங்க என்று சொல்லவில்லை. எழுந்திருக்கவும் இல்லை.

"ஒத்தைக் கட்டிலுக்கு. நிஜப் பட்டு," என்றாள் அக்கா.

"ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. ஹோட்டல்காரன் கேட்டதுல மிஞ்சினது." அம்மாள் விரலைத் துடைத்துக்கொண்டு அலமாரியிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்து மேசையில் போட்டாள். "பாத்துக்குங்க."

புகழவில்லை, எண்ணிக்கை சொல்லவில்லை, எடை சொல்லவில்லை. அக்காவுக்கு அதுவே பிடிக்கவில்லை. பொய் சொல்கிறவர்களை அவளுக்குத் தெரியும். எதுவுமே சொல்லாதவர்களிடம் எங்கே பிடிப்பது?

விரிப்பு பாலாடை நிறத்தில் இருந்தது. கசக்கினாள், மெல்லிய கோடுகள் விழுந்தன. சாய்த்தாள், வெண்மை ஒரு பக்கம் பொன்னாகவும் ஒரு பக்கம் சாம்பலாகவும் மாறியது. எல்லாம் சரியாக இருந்தது. எல்லாம் சரியாக இருக்கும் சட்டை மேசைக்கு வந்தால் அவளுக்கு ஒருவித எரிச்சல் வரும். எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும்.

"நான் எக்ஸ்போர்ட் கம்பெனியில பதினெட்டு வருஷமா குவாலிட்டி பாக்கறவ," என்றாள். "என்கிட்ட இப்பவே உண்மையைச் சொல்லிட்டா நல்லது."

"அப்படியா," என்றாள் அம்மாள். ஆரஞ்சுச் சுளை ஒன்றை வாயில் போட்டுக்கொண்டாள். "சந்தேகமிருந்தா எரிச்சுப் பாருங்க. தீப்பெட்டி அங்க இருக்கு."

பட்டு நூல் எரிந்தால் முடி கருகும் நாற்றம் வரும். சாம்பல் விரலில் பொடியாகும். பாலியஸ்டர் எரியாது, உருகும். உருகி, கடைசியில் கறுப்பாக ஒரு மணி நிற்கும். இது அக்காவுக்குத் தெரியும். விரல் விரிப்பின் ஓரமாக ஓடியது. ஓடி, மூலை மடிப்பில் நின்றது. அங்கே ஒரு நூல் பிசிறு தொங்கியது.

"இதைக்கூட வெட்டத் தெரியலை," என்று முணுமுணுத்தபடி பையிலிருந்து சின்னக் கத்திரியை எடுத்து அந்த நூலை நறுக்கினாள். தீக்குச்சியை உரசினாள். நூல் சுருண்டது, சுருங்கியது, ஒரு துளியாகத் திரண்டது. அணைத்துவிட்டு நகத்தால் தட்டினாள். டிக் என்றது. கடுகளவு கறுப்பு மணி.

அக்காவின் முகத்தில் வந்த மலர்ச்சியைப் பார்த்தால் பிள்ளை முதல் வகுப்பில் தேறிய தாய் என்று நினைத்துவிடலாம்.

"பிளாஸ்டிக்! நல்லா பாருங்க. பேசாம இருந்தா நம்பிடுவோம்னு நெனச்சீங்களா? அந்தப் பெரிய கடைக்காரங்களாவது கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு ஏமாத்தறாங்க. நீங்க ஆரஞ்சுப் பழம் தின்னுக்கிட்டே ஏமாத்தறீங்க. படுத்த படுக்கையா கிடக்கற மனுஷனுக்கு இதையா விரிக்கறது? மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா?"

அம்மாள் மணியைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். ஒரு பெரிய விஷயம் சொல்லப் போவதைப் போல வாயைத் திறந்தாள். பிறகு உள்ளே இருந்த ஒரு விதையைக் காகிதத்தில் துப்பிவிட்டு விரிப்பை மடிக்க ஆரம்பித்தாள்.

"சரி. பாத்தாச்சில்ல? கிளம்புங்க. எனக்குப் பூட்டற நேரம்."

*

தெருவில் வெயில் கண்ணைக் கூசவைத்தது. அக்கா வெற்றியின் வேகத்தில் நடந்தாள். ஆஃபர் இரண்டடி பின்னால் வந்தாள்.

"அண்ணி."

"என்ன?"

"நீங்க எரிச்சது அந்தத் தொங்கிட்டிருந்த நூலைத்தானே?"

"ஆமா."

"அது ஓரம் தைச்ச நூல் இல்லையா? நாம துணியைத்தானே எரிக்கணும்?"

அக்கா திரும்பினாள். உதடு ஏறியது. "நீ எனக்குத் தையலைப் பத்திச் சொல்லித் தர்றியா? வெலைச் சீட்டைத் தவிர வேற எதையாவது வாழ்க்கையில படிச்சிருக்கியா? வாயைத் திறக்காதன்னு சொல்லித்தானே கூட்டிட்டு வந்தேன்?"

சாலையைக் கடக்க இருவரும் சிக்னலில் நின்றார்கள். சிவப்பு எரிந்தது. பேருந்துகள் போயின. பச்சை எரிந்தது. கூட்டம் கடந்தது. அக்கா நகரவில்லை.

அவளுடைய கூடத்தில் நாற்பது மிஷின்கள். ஒவ்வொரு மிஷினின் தலையிலும் ஒரு கூம்பு நூல். சட்டை பருத்தியானாலும் லினனானாலும், ஒருமுறை யாரோ பணக்காரனுக்காகத் தைத்த பட்டேயானாலும், தலையில் இருப்பது பாலியஸ்டர் நூல்தான். அறுந்து போகாது என்பதால். இதைத் தெரிந்துகொள்ளப் பதினெட்டு வருஷம் வேண்டாம். முதல் நாள் காலையிலேயே தெரிந்துவிடும். அவளுக்கும் தெரியும். தெரிந்தும் விரல் ஓரத்துக்குப் போயிருக்கிறது, பிசிறைப் பிடித்திருக்கிறது. பிடிக்கத்தான் சம்பளம் கொடுத்துப் பழக்கியிருக்கிறார்கள்.

அதைவிட மோசமான ஒன்று பின்னாலேயே வந்தது. துணியை அவள் ஒருநாளும் பார்த்ததே இல்லை. துணி மேல்மாடி லேப் சோதனையில் பாஸாகித்தான் கீழே வரும். அங்கே வேலை செய்யும் ஒரு சின்னப் பெண் சாப்பாட்டு நேரத்தில் கதையாக அளந்ததுதான் கசக்குவது, சாய்ப்பது, எரிப்பது எல்லாம். அக்காவின் உலகம் தையலோடு முடிந்துபோகும். சவுரி, மம்மி என்று காலையிலிருந்து இரண்டு கடைகளைத் துவைத்துப் போட்டதெல்லாம் இரவல் வாய்.

சிக்னல் மறுபடியும் சிவப்பானது. அக்கா வேறு வழிகளைத் தேடினாள். சாதாரணப் பருத்தி ஒன்றை வாங்கிக்கொண்டு, ஊரிலேயே நிஜப் பட்டு இல்லை என்று சொல்லிவிடலாம். யார் கேட்கப்போகிறார்கள்? ஆஃபர் சொன்னால் யார் நம்பப்போகிறார்கள்? அப்பா கேட்கவே மாட்டார். அவ போயிருக்காளா, அப்ப சரி என்று கண்ணை மூடிக்கொள்வார். பருத்தி அவர் முதுகைப் பிடித்து இழுக்கும். பல்லுக்கிடையில் காற்றை விடுவார்.

"மணி என்ன?" என்றாள்.

"ஒண்ணு இருபத்தி மூணு."

"நீ போய் அந்த விரிப்பை வாங்கிட்டு வா. நான் கீழ நிக்கறேன்."

ஆஃபர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள். நான்கு வருஷத்தில் முதல்முறையாக, ஒரு பொருளைத் தள்ளுபடியில்லாமல் முழு விலையில் அனுபவிப்பதைப் போல மெதுவாகப் பார்த்தாள்.

"போறேன் அண்ணி," என்றாள்.

சாவிக் கடை வாசலில் அக்கா நின்றாள். கடைக்காரர் ஒரு சாவியை அராவிக்கொண்டிருந்தார். அந்தச் சத்தம் பல்லில் ஏறியது. இரண்டு நிமிஷத்தில் ஆஃபர் வெறுங்கையோடு இறங்கி வந்தாள்.

"குடுக்க மாட்டாங்களாம். பேசினவங்க வந்தாத்தான் குடுப்பாங்களாம்."

*

அம்மாள் பூட்டைக் கையில் வைத்துக்கொண்டு கதவருகில் நின்றிருந்தாள்.

"பூட்டியாச்சு."

"திறந்துதானே இருக்கு," என்றாள் அக்கா. இந்தத் தொனியில் ஆரம்பித்தால் காரியம் கெடும் என்று அவளுக்கே தெரிந்தது. தொண்டையைச் செருமினாள். "நான் எரிச்சது தையல் நூல்."

"தெரியும்."

"தெரிஞ்சா அப்பவே சொல்லியிருக்கலாமே!"

"பதினெட்டு வருஷம்னு சொன்னீங்க. அவ்வளவு பெரிய ஆளுக்கு நான் சொல்லிக்குடுத்தா மரியாதையா இருக்காதுன்னு விட்டுட்டேன்."

ஆஃபருக்கு இருமல் வந்தது. அது இருமல் இல்லை என்பது மூன்று பேருக்கும் தெரியும்.

"எங்கப்பாவுக்கு வேணும்," என்றாள் அக்கா. "முதுகுத் தோல் போயிட்டிருக்கு. நாலு மணிக்குக் கூட்டிட்டு வராங்க. குடுங்க."

அம்மாள் பூட்டை மேசைமேல் வைத்தாள். பொட்டலத்தை எடுத்தாள். ஆனால் கொடுக்கவில்லை.

"எரிச்சுப் பாத்துட்டு எடுத்துட்டுப் போங்க."

"வேணாம். நம்பறேன்."

"நீங்க நம்பறது எனக்கு எதுக்கு? இன்னிக்கு அவசரத்துக்கு நம்புவீங்க. நாளைக்குக் கம்பெனியில நாலு பேர்கிட்ட, மாடிக்காரி பிளாஸ்டிக் விக்கறான்னு சொல்லுவீங்க. உக்காருங்க. மடிப்பைப் பிரிங்க. உள்ள வெட்டு விளிம்பு இருக்கும், அதுலேர்ந்து ஒரு இழை உருவுங்க. இந்தத் தடவை துணியிலேர்ந்து."

அக்கா உட்கார்ந்தாள். மூலை மடிப்பில் அரை விரல் நீளத்துக்குத் தையலைப் பிரித்து, உள் விளிம்பிலிருந்து ஓர் இழையை உருவினாள். கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லியது. மூச்சு விட்டால் பறந்தது. தீக்குச்சியைக் கிட்டே கொண்டுபோனாள். இழை சோம்பலாக எரிந்தது. தீக்குச்சியை எடுத்ததும் தானாகவே அணைந்தது. ஒரு நூலளவு புகை நேராக எழுந்து அவள் கண்ணுக்குள் போனது.

"என்ன வாசனை?" என்றாள் அம்மாள்.

அக்கா பேசவில்லை.

"கேக்கலை. அங்க நிக்கற பொண்ணுக்கும் கேக்கணும்."

"முடி," என்றாள் அக்கா.

"சாம்பல்?"

விரல்களுக்கிடையில் தேய்த்தாள். கரியாகி, பொடியாகி, ஒன்றுமில்லாமல் போனது. "பொடியாயிடுச்சு."

"அப்ப இது என்ன?"

"பட்டு."

வேலை நேர்காணலில் தோற்றுப்போகும் பெண்கள் அக்காவின் எதிரில் இப்படித்தான் பதில் சொல்வார்கள். அம்மாள் பொட்டலத்தைக் கட்டி நீட்டினாள். அக்கா வாங்கிக்கொண்டாள். வாசல் வரை போனாள். அங்கே நின்றாள். சொல்லாமல் போனால் அன்றைக்குச் சாப்பாடு இறங்காது.

"துணி நல்ல துணி. தையல்தான் சகிக்கலை. அங்குலத்துக்கு ஏழு தையல்கூட இல்ல. பிசிறு வேற."

"அது நான் தைச்சது," என்றாள் அம்மாள்.

"தெரியும். அதனாலதான் சொல்றேன்."

அம்மாள் கண்ணாடிக்கு மேலாக அவளை நீண்ட நேரம் பார்த்தாள். "அது உங்களுக்கு நிஜமாவே தெரியுது," என்றாள். அது பாராட்டா, இன்னொரு குத்தா என்று அக்காவால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை.

*

நான்கே காலுக்கு அப்பாவைத் தூக்கி வந்தார்கள். பிரித்த மூலையை அக்கா அதற்குள் கையாலேயே தைத்து, விரிப்பைக் கட்டிலில் சுருக்கமில்லாமல் இழுத்துச் செருகியிருந்தாள். அவரைக் கிடத்தினார்கள். அவர் கையை விரிப்பின்மேல் ஒருமுறை ஓட்டிப் பார்த்தார். கூரையைப் பார்த்தார். பிறகு எல்லோரையும், டிக்கெட்டைக் காட்டச் சொல்வதைப் போல.

"என்னடி இது, எண்ணெய் தடவின கண்ணாடி மேல படுக்க வெச்சிருக்க? வழுக்குது."

"வழுக்கணும்னுதான் வாங்கினது."

"வழுக்கி விழுந்துதானே இடுப்பே போச்சு. மறுபடியும் வழுக்கறதையே வாங்கியிருக்க," என்றார்.

நர்ஸ் சொல்லிக்கொடுத்தபடி அக்கா ஒரு கையைத் தோளுக்கடியிலும் ஒரு கையை இடுப்புக்கடியிலும் கொடுத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவரை வலப்பக்கமாகத் திருப்பினாள். உடம்பு தண்ணீரில் திரும்புவதைப் போலத் திரும்பியது. பல்லுக்கிடையில் காற்று வருமென்று காத்திருந்தாள். வரவில்லை. அவர் எதையோ திட்ட ஆரம்பித்து, பாதி வாக்கியத்தில் தூங்கிப்போனார். மூன்று வாரங்களில் பகல் வெளிச்சத்தில் அவர் தூங்கி அவள் பார்ப்பது இதுதான் முதல்முறை.

அடுத்த அறையில் ஆஃபர் ஆரம்பித்தாள்.

முதலில் கிசுகிசுப்பாகத்தான் இருந்தது. பிறகு தம்பியின் சிரிப்பு வந்தது. சிரிப்பைக் கேட்டதும் ஆஃபருக்குக் குரல் ஏறியது. கடுகளவு மணியை விரலால் அளந்து காட்டினாள் போலும். அக்காவின் குரலில் "பிளாஸ்டிக்!" என்றாள். நன்றாகவே செய்தாள். "'என்ன வாசனை'ன்னு அந்தம்மா கேக்கறாங்க. உங்க அக்கா வாயே திறக்கலை. 'கேக்கலை'ங்கறாங்க. அப்புறம் அண்ணி, சின்னக் குழந்தை மாதிரி, 'முடி'…"

தம்பி எதன்மேலோ அடித்துக்கொண்டு சிரித்தான். திறந்திருந்த கதவு வழியாக ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. அக்காவின் நாக்கில் பதில் தயாராக இருந்தது. தள்ளுபடியில் வாங்கின மூளை என்று தொடங்கி, அந்தச் சிரிப்பை அந்த இடத்திலேயே நறுக்கிவிடக்கூடிய பதில். உதடுகூட ஏறிவிட்டது.

"கடைசியில பாக்கணுமே, கண்ணு கலங்கிடுச்சு அண்ணிக்கு. அழுதுட்டாங்க."

அது பொய். கண்ணில் புகை போனது. புகை போனால் யாருக்கும் தண்ணீர் வரும். இதைத் திருத்தாமல் விட்டால் நாளைக்குச் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் போய்ச் சேரும். அடுத்த தடவை சொல்லும்போது ஆஃபர் அவளைத் தரையில் விழுந்து கும்பிட வைத்துவிடுவாள். அக்கா வாயைத் திறந்தாள்.

அவளுடைய முழங்கையின் மடிப்பில் அப்பாவின் தலை கனமாகச் சாய்ந்திருந்தது. வாய் லேசாகத் திறந்து, மூச்சு சீராகப் போய்வந்தது. அவள் குரல் எப்படிப்பட்டதென்று அவளுக்குத் தெரியும். நாற்பது மிஷின்களின் இரைச்சலுக்கு மேலே கேட்பதற்காக வளர்த்த குரல். அதில் மெதுவாகச் சொல்லும் பகுதியே கிடையாது.

வாயை மூடிக்கொண்டாள். அடுத்த அறையில் ஆஃபர், தம்பி கேட்டுக்கொண்டதன் பேரில், மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தாள்.